கதவில் எழுதிய ‘ஒன்லி’

ஒரு மனிதனின் மண்டையை நான் உடைத்திருக்கிறேன். குடிபோதையில் இல்லை, வேலை நேரத்தில், நியாயம் என் பக்கம் என்ற நினைப்போடு.

தொண்ணூறுகளின் கடைசியில், வடசென்னையில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டுக்கு நான் சூப்பர்வைசர். ஆபீஸ் கதவில் ‘ஸ்டாஃப் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் சிவப்பு பெயிண்டால் எழுதியவன் நானே. லோடுமேன் கன்னியப்பன் அர்த்தம் கேட்டார்.

“ஒன்லின்னா மட்டும். நாங்க மட்டும். நீ வெளிய நில்லு.”

ஒரு மதியம் அவர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். “டேய், உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?” என்று கையில் கிடைத்த கம்பியால் ஓங்கி அடித்தேன். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் திருப்பி அடிக்கவில்லை.

“அப்பால அடி சார். ஏயுமல கால் மேல தகடு வுயுந்துட்ச்சி. ஆம்புலன்ஸுக்கு போன் போடு!”

யார்டின் ஒரே போன் என் மேசையில்தான் இருந்தது.

அவரோடு லோடு இறக்கிக்கொண்டிருந்த ஏழுமலை பிழைத்தான். கால் போய்விட்டது.

மறுநாளே அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தேன். தையல் பிரித்த பிறகு கன்னியப்பன் வேலைக்கு வந்தார். “உள்ள வாங்கண்ணே, டீ குடிக்கலாம்” என்று கூப்பிட்டேன். அவர் வாசலைத் தாண்டவில்லை.

“அதான் அழிச்சிட்டேனே, அண்ணே.”

“கதவுல அழிச்சிட்ட சார். இத்த இன்னா பண்ணுவ?” என்று நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

டீயை நான்தான் வெளியே எடுத்துப்போய்க் கொடுத்தேன். இன்றும் எந்தக் கதவிலாவது அந்தச் சொல்லைப் பார்த்தால், கம்பியைப் பிடித்த கை கூசுகிறது.