டெஸ் ஹார்க்கின் போடாத பூட்டு

பால் வாங்கக் கடைக்குப் போகும் பத்து நிமிட நடையில் ஆறு கார்களின் கதவையாவது இழுத்துப் பார்த்துவிடுவார் டெஸ் ஹார்க்கின். பூட்டியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்வார். பூட்டாதிருந்தால் திறந்து, சீட்டில் தன் விசிட்டிங் கார்டை வைத்து, கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் போவார். ஜீலாங் நகரின் கோரியோ பகுதியில் இதற்காகவே போலீஸ் அவரை இரண்டு முறை நிறுத்தி விசாரித்திருக்கிறது. "திருடனும் நானும் ஒரே ரூட்டுலதான் வேலை பாக்குறோம். என்ன, அவன் எனக்கு முன்னாடியே எழுந்துக்கிறான்" என்பார்.

வயது அறுபத்தொன்று. சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத கறுப்புப் பெட்டியைப் பழைய கார்களில் பொருத்துவது தொழில். கடை கிடையாது. பின்பக்கம் திறந்த தன் யூட் வண்டியில் வீடு வீடாகப் போவார். தலை டாஷ்போர்டுக்கு அடியில், முதுகு தரையில், கால்கள் சீட்டின் மேல் என்று மணிக்கணக்கில் கிடப்பார். "முப்பது வருஷப் பழக்கம்னு பேரு. பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியாது. பூட்ஸைப் பாத்துத்தான் குட்மார்னிங் சொல்லுவாங்க."

வேலை முடிந்ததும் கையைத் துடைத்து, கண்ணாடி மாட்டி, சான்றிதழ்ப் புத்தகத்தை எடுப்பார். இந்த வண்டியில் இன்ன கருவி பொருத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தைக் குறைக்கும். அந்தக் கையெழுத்தை அவர் அவசரமாகப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

அவருடைய சொந்த யூட்டில் அந்தப் பெட்டி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, திருட்டுத் தடுப்புக் கருவி உண்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சனிக்கிழமை மாட்டிவிடலாம் என்று நினைத்து, ஆம் என்று அழுத்தினார். தள்ளுபடி உடனே வந்தது, சனிக்கிழமைதான் வரவில்லை. பெட்டி உறை பிரிக்காமல் வண்டியின் பின்னால் கிடந்தது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று மனைவி நோரீன் வாரம் ஒருமுறை நினைவூட்டினாள். அவரும் வாரம் ஒருமுறை ஒப்புக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் கோவாக்ஸ் அம்மாவின் வீட்டு வாசலில், அவர் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கிடந்தபோது, கைவிளக்கு பட்டென்று அணைந்தது. விளக்குக்கு மின்சாரம் யூட்டின் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஃப்யூஸைத் திட்டிக்கொண்டே அவர் புரண்டு, நெளிந்து, வெளியே வந்து நிமிர்ந்தார். யூட் நின்ற இடத்தில் விளக்கின் ஒயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

கோவாக்ஸ் அம்மா ஜன்னலில் நின்றிருந்தார்.

"உன் ஆளுன்னுல்ல நெனச்சேன் டெஸ். நான் டாட்டா காட்டுனேன், அவனும் காட்டுனான். நல்ல பையனாத் தெரிஞ்சான்."

"நல்ல பையன்தான்மா. ஒயரை நான்கூட இப்படிச் சுத்தமாச் சுத்த மாட்டேன். சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு, வண்டிதான் இல்ல. மாட்டாத பெட்டியையும் சேத்துல்ல கொண்டுபோயிட்டான்."

வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார். டானி என்ற பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "கருவி இருக்குன்னு பதிவாகியிருக்கு சார். பொருத்துனவர் சான்றிதழ் மட்டும் அனுப்புங்க, மத்ததெல்லாம் சுலபமா முடிஞ்சிடும்."

"வண்டிக்காரனே பொருத்துனவனா இருந்தா?"

"ரெண்டு கையெழுத்தும் நீங்களே போடலாம் சார், தப்பில்ல."

வண்டியோடு கருவிகள் மொத்தமும் போயிருந்தன. இழப்பீடு வராவிட்டால் தொழிலை மூடிவிட்டு, மச்சினன் கெவினின் டயர் கடையில் கூலிக்கு நிற்க வேண்டும். அறுபத்தொரு வயதில் தன்னைக் கெவின் "டேய் டெஸ்" என்று கூப்பிட்டு வேலை ஏவுவதை நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இரண்டு நாள் அந்தச் சான்றிதழ்ப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் நோரீன் அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுடு. வண்டியே இல்ல. எவன் டாஷ்போர்டைக் கழட்டிப் பாக்கப் போறான்?"

"இவ்வளவு வருஷமா எவன் கழட்டிப் பாத்தான் நோரீன்? நான் போட்டேன்னு எழுதுனா போட்டேன். அதுதானே தொழிலே. இதுல பொய் எழுதிட்டா, கோவாக்ஸ் அம்மா கார்ல என்ன மாட்டுனேன்னு எனக்கே சந்தேகம் வந்துரும்."

"கெவின் கடையில காலைல ஆறு மணிக்கு ஷிஃப்டு."

"தெரியும். இனி நானும் திருடன் எழுந்துக்கிற நேரத்துக்கே எழுந்துக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. கெட்டிலைப் போட்டுவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

டெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். வண்டி எண், நிறம், தயாரித்த வருடம். பொருத்திய கருவி என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். பொருத்திய நாள் என்ற இடத்திலும் "இல்லை". அடியில் பொருத்துநர் கையெழுத்தைப் போட்டார், பக்கத்தில் உரிமையாளர் கையெழுத்தைப் போட்டார். பிறகு கார்பன் நகலை ஓரம் கசங்காமல் கிழித்து, நான்காக மடித்து, வாடிக்கையாளர் பிரதியென்று தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.