அவர் குரல் கேட்கும் கடிகாரம்

என் கணவர் குளியலறையில் விழுந்த அன்று, நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்தது காலை பத்து மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு, அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்திப் பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டேகால். நாலு மணி நேரத்துக்கும் மேலாக ஈரச் சீமெந்துத் தரையில் கிடந்திருக்கிறார். கைபேசி முன்னறை மேசையில் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, அவர் குரல் அடுத்த அறையைத் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டாருக்கு எதுவும் கேட்கவில்லை.

எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு எட்டு மாதம் முன்புவரை அவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை. இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று ஆள் ஏற்றும் டிரைவர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் விரட்டுவார். நிலையத்தின் அந்தக் கோடியில் யட்டவத்தை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். இப்போது சொல் மனதில் இருக்கிறது, வாய்க்கு வரத்தான் நேரமெடுக்கிறது. அந்நியர் முன்னால் அவர் பேசுவதையே விட்டிருந்தார். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் போலக் கிடப்பார். நலம் விசாரிப்புக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன்.

விழுந்த அன்று மாலை, கொழும்பில் வேலை செய்யும் மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு நீங்க வேலைய விடணும், இல்லாட்டி நான் விட்டுட்டு வரணும்."

"எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

அவளிடம் இன்னொரு யோசனை இருந்தது. "மணி காட்டுற ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. வாயால சொன்னா ஒங்க போனுக்குக் கோல் எடுக்கும். ஆனா அதுக்குத் தமிழ் வெளங்காது, இங்லீஷ்தான். அப்பா பேசுறது வெளங்குமான்னும் தெரியாது. கடைக்குக் கூட்டிட்டுப் போய் அப்பாவையே பேச வச்சுப் பாருங்க. வெளங்கலைன்னா இந்த மாசக் கடைசில நான் வந்துருவேன்."

கட்டிலிலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வே...ணாம்" என்றார். வேண்டாம் என்றது கருவியையா, மகள் வேலையை விடுவதையா என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலையில் இடது கையாலேயே சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். "கடை" என்றார்.

மாத்தளை நகரத்தில் அந்தக் கடையின் முதலாளி எனக்குத் தெரிந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் கணிதம் படித்தவர்கள். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் வழக்கப்படி நான் அவரை நானா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, மணி பளிச்சென்று அறையின் மறுகோடிக்கும் தெரியும். மற்றது உருண்டையாக, சிறியதாக இருந்தது. துணிக்குள்ளிருந்து எண்கள் மங்கலாகத் தெரிந்தன. பெரியதுதான் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கட்டிலில் படுத்தபடியே மணி பார்க்கலாம்.

"பேரச் செல்லிக் கூப்பிட்டாத்தான் அது முழிக்கும்" என்றார் நானா.

பெரிய ஸ்பீக்கரின் பெயரில் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய எழுத்து ஒன்று இருந்தது. என் கணவர் சொன்னார். அது விழிக்கவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை விளக்கு எரிந்தது. அவர் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, விளங்கவில்லை என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்ல, விளக்கு அணைந்தது.

மின்விசிறி வாங்க வந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "அட, நம்ம டைம்கீப்பர் அண்ணன்!" என்றார் ஒருவர். என் கணவர் தரையைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன்.

"போவோம்ங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

நானா சிறியதை முன்னால் நகர்த்தினார். "இதுக்குப் பேர மாத்த ஏலும். 'கம்ப்யூட்டர்'னு வச்சீக்கிறேன். அண்ணன், மெதுவாச் செல்லிப் பாருங்க."

"கம்..." என்று தொடங்கினார்.

"கம்ப்யூட்டர்" என்றேன் நான். நீல விளக்கு எரிந்தது.

"டை..."

"டைம்" என்றேன். அது மணி சொன்னது.

"பாத்தீங்களா, வெளங்குது!" என்று மகிழ்ச்சியோடு அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

நானா தயங்கினார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அது ஒங்கட சத்தத்துக்குத்தான் பதில் செல்லுது. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நான் பக்கத்துல இல்லாம அவரால..." என்று தொடங்கியபோது, என் கணவர் முழங்கையை என் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டார். இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். தெருவில் பஸ்களின் ஹோர்ன் சத்தம். உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. விளக்கு வரவில்லை. நானா மேலே ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு, மற்ற இருவரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். மறுபடியும் வாய் திறந்தது. இல்லை. என் கை இரண்டு முறை கதவுப் பிடிக்குப் போனது.

எட்டு மாதமாக நான் அவரை ஒரு சொல்லையும் முடிக்க விட்டதில்லை. 'த' என்றால் தண்ணீரோடு நிற்பேன். அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வருகிற இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைத் தாங்கத்தான் வேண்டியிருந்தது.

எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. நீல விளக்கு எரிந்தது. அவர் தோள் முன்னால் சாய்ந்தது, உதடுகள் அசைந்தன. நானா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். என் கணவர் திரும்பவில்லை. அந்தக் கருவியிடம் மறுபடியும் மணி கேட்டார். மறுபடியும்.

சிறியதையே வாங்கினோம். அதை எங்கே வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே, தரைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில். மகள் வீடியோவில் சொல்லச் சொல்ல என் போனோடு அதை இணைத்தேன். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து கூப்பிட்டார். நாலு முறை கூப்பிட்டதில் மூன்று முறை என் போன் அடித்தது. மூன்று போதுமா என்று மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை மூன்றாம் பாடத்தில் போன் அடித்தது. சோக்குத்துண்டைப் போட்டுவிட்டு நடைபாதைக்கு ஓடினேன்.

"என்னங்க? விழுந்து..."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தகரத்தில் மழை விழும் சத்தம். நான் பேசவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"நா...ன்" என்றார். நீண்ட நேரம் கழித்து, "விழல. சும்மா... பாத்தேன்."

வகுப்புக்குத் திரும்பினேன். பிள்ளைகளைத் தாங்களாகவே கணக்குச் செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மகள் கொழும்பிலேயே இருக்கிறாள். கரண்ட் போனால் அந்தக் கருவி வெறும் உருண்டைதான், அதனால் அந்த நேரத்தில் வந்து பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறோம். கடையில் அவரைப் பார்த்து அண்ணன் என்றவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆறேழு சொல் பேசியிருப்பார். நான் சமையலறையில் இருந்துவிட்டேன். என் பழக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. நேற்று அவர் "சீ" என்றதும் சீனி டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கேட்டது சீப்பு.