கூடு சரிந்த திருநாள்

ஒரு குருவானவர் அழுததை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ படித்துக்கொண்டிருந்தேன்.

முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் எங்கள் ஊர். பக்திக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் இறைச்சி தொடமாட்டார்கள். மீன்பிடிக்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய தவம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். திருநாளன்று புனிதரின் சுரூபம் வைத்த கூட்டை முன்பக்கம் நின்று தூக்குவது மேலைத்தெருவா கடற்கரைத்தெருவா என்பதுதான் வருடம் முழுவதும் கதை. கடற்கரைத்தெருவுக்குத் தலைவர் என் பெரியப்பா. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, கோயில் மூப்பரும் அவர்தான்.

பெரியப்பாவின் வலையை இழுக்க, தெற்கே வாடிகள் எனும் கடலோர ஓலைக் குடிசைகளில் சில குடும்பங்கள் இருந்தன. அவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் எங்களைவிடக் குறைந்த ஆட்கள் என்று ஊர் வைத்திருந்தது. கோயில் வாசலுக்கு வெளியே நின்றுதான் பூசை காண்பார்கள். கூட்டைத் தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. புதிதாக வந்திருந்த குருவானவர், எங்கள் சுவாமியார், மெலிந்தவர், மெல்லப் பேசுபவர். இதைப்பற்றி அவர் வாய் திறந்ததை ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருடத் திருநாளில் எனக்குச் சம்மனசு வேடம், அதாவது தேவதூதர். வெள்ளைச் சட்டை, கடதாசிச் சிறகு, கையில் பூக்கூடை. காலைப் பூசை முடிந்து கூடு வெளிக்கிட்டது. அதற்குப் பக்கத்தில் பூத் தூவிக்கொண்டு நான் நடந்தேன். சந்தியில் வைத்து முன்பக்கத்தை மேலைத்தெருவுக்குக் கொடுக்க வேண்டும்.

"இன்னும் பத்தடி கிடக்கு, விடமாட்டம்!" என்றார் பெரியப்பா.

"உங்கட எல்லை முடிஞ்சுது, இறக்குங்கோ!" என்று மறுபக்கம் கத்தியது.

ஒருவர் மற்றவரின் சட்டையைப் பிடித்தார். பிறகு கூட்டைத் தூக்கியவர்களே அதை விட்டுவிட்டுச் சண்டைக்குப் பாய்ந்தார்கள். யாரோ என்னைப் பலமாகத் தள்ள, மணலில் குப்புற விழுந்தேன். வெடி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது புனிதர் துண்டு துண்டாகக் கிடந்தார். பெண்கள் தலையில் அடித்துக் குழறி அழுதார்கள். ஆண்கள் மண்டியிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். கூட்டின் தடிக்குக் கீழே வாடியைச் சேர்ந்த ஒருவர் கிடந்தார். அவருடைய கால், கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பூசை உடுப்போடு மணலில் உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார் சுவாமியார்.

"சுவாமி, சுரூபத்தைப் பாருங்கோ!" பெரியப்பா ஒரு துண்டை நீட்டினார். "இவன் கை வைச்சபடியாலதான் விழுந்தது. பிள்ளையையும் தள்ளி விழுத்திப்போட்டான்."

"இந்த மனுசனைத் தூக்க ஆராவது வாங்கோ" என்றார் சுவாமியார்.

ஒருவரும் வரவில்லை. எல்லாருடைய கைகளிலும் புனிதரின் துண்டுகள் இருந்தன. கடைசியில் என் அப்பாதான் ஓடிவந்தார். கருவாடு வாங்க லொறியோடு வந்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரும் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏத்துங்கோ, ஆசுபத்திரிக்கு நான் கொண்டுபோறன்" என்றார் அவர்.

வீட்டில் அம்மா என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி கேட்டார்.

"எந்தப் பக்கம் நிண்டனி?"

சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. அந்தக் காலத்தில் சுவாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பூசை வைப்பார். அன்று அவர் பீடத்துக்கு ஏறவில்லை. சனத்தின் முன்னால் வந்து, எங்களைப் பார்த்து, வெறுந்தரையில் முழங்காலில் நின்றார். கோயில் திடுக்கிட்டுப் போனது.

"நான் உங்களுக்கு முன்னால பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்" என்றார். "வாசலுக்கு வெளியில ஆக்களை நிப்பாட்டி வைச்சிருக்கிறதை வந்த அண்டைக்கே கண்டனான். ஊர் குழம்பும் எண்டு பயந்து பேசாமல் இருந்திட்டன். ஒவ்வொரு நாளும் பூசை வைச்சனான், ஆனால் செபிக்கேல்லை. சுரூபம் போன கிழமைதான் உடைஞ்சது. எங்கட விசுவாசம் எப்பவோ செத்துப்போச்சு. முதல் செத்தது என்ர விசுவாசம்."

அதற்குமேல் பேச முடியாமல் அழத் தொடங்கினார். சுவாமிமாருக்கும் பாவம் இருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பெரியப்பா எழுந்தார். "சுவாமி, நேரம் போகுது. பூசையைத் தொடங்குங்கோ."

"அவ உள்ளுக்கு வந்தால் தொடங்கலாம்."

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். கால் முறிந்தவருடைய மனைவி, இடுப்பில் குழந்தையோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குள் ஒரு அசைவும் இல்லை.

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

எங்கள் ஊரில் அந்தப் பெண்ணைப் பெரியவர்களும் சின்னவர்களும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த 'அக்கா'வில் பெரியப்பாவின் முகம் கறுத்தது. அவர் வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் கடற்கரைத்தெரு போனது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒற்றுமையாக, மேலைத்தெருவும் போனது. மிஞ்சிய கொஞ்சப்பேருக்குச் சுவாமியார் பூசை வைத்தார். என் அப்பா தன் இடத்தைவிட்டு எழும்பவில்லை. மறுநாள் பெரியப்பாவின் வலையில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. கொஞ்சக் காலத்தில் சுவாமியாரையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆனால் அந்தப் பெண்ணை மறுபடியும் வெளியே நிற்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் எனக்குச் சரியான கோபம். கோயிலுக்குள் நாங்கள் விரித்திருந்த பாயில் அம்மா அந்தப் பெண்ணையும் குழந்தையையும் இருத்தியதில் இடம் காணாது. அந்தப் பெண் என் தலையை மெல்லத் தடவினார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். சுவாமியார் அழுததைப் பார்த்து இரங்கித்தான் அம்மா எழுந்தார் என்று நினைத்தேன். சுரூபத்தைப் பிடிக்கப் போய்த்தான் அந்த மனிதரின் கால் முறிந்தது என்றும் நினைத்தேன். அவர் ஓடிவந்தது கூடு சரிந்த பக்கத்தில் நின்ற சம்மனசைத் தள்ளிவிடத்தான் என்பது, அந்தப் பாயில் இருந்த எங்களில் எனக்கு மட்டும் விளங்கவில்லை.