மறுபடி கூட்டம் போட்டால்

அரசாங்கத்துக்கு மார்க் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் உம்மா சிரித்துவிட்டாள். "நீ வாங்குன மார்க்குக்கு இது வேறயா?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் வேலை நிஜம். அரசும் மக்களும் சேர்ந்து உட்கார்ந்து, நிர்வாகத்தை வெளிப்படையாக்கத் திட்டம் போட்ட ஊர்களுக்கு டெல்லியிலுள்ள ஓர் அமைப்பு ஆள் வைத்துப் பார்க்கிறது. உண்மையிலேயே சேர்ந்துதான் போட்டார்களா, இல்லை அதிகாரிகள் எழுதியதற்கு மக்கள் தலையாட்டினார்களா என்று விசாரித்து மார்க் போட வேண்டும். காரைக்காலுக்கு நான்.

நான் ஒத்துக்கொண்டது ஊருக்குச் சேவை செய்யவெல்லாம் இல்லை. அந்தத் திட்டத்தில் மக்கள் தரப்பில் உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

கல்லூரியில் ஒரே வகுப்பு. போலகத்துப் பெண். அவள் சித்தப்பாவுக்கு அங்கே நிலம். எங்கள் ஊருக்குத் தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும், உத்தரவு பாண்டியிலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் நாங்கள் கடைமடை. மேட்டூரைத் திறந்துவிட்டதாக டிவியில் பூப்போடுவதைக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் போலகம் வாய்க்காலுக்கு எப்போது வரும், வந்தாலும் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைத் தினமும் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம். வேறு ஊர்களில் இதைவிடப் பெரிது பெரிதாகக் கேட்டிருக்கலாம். இங்கே கேட்டது இவ்வளவுதான்.

கூட்டம் பொதுப்பணித்துறை அலுவலக மாடியில் நடக்கும். எனக்கு மேலே வேலை இல்லை. எதிரே இருந்த டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். கூட்டம் முடிந்தால் அவளுக்குப் போலகம் போக நேரத்துக்குப் பஸ் இருக்காது. இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

திட்டம் முடிந்ததும் வேலை கிடைத்து அவள் ஹைதராபாத்துக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், நான் என்ன நாட்ட விட்டா போறேன்? மறுபடி கூட்டம் போட்டா சொல்லு, லீவு போட்டுட்டு வந்துடுறேன்" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பேன். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

பிறகுதான் இந்த வேலை வந்தது. விதிகளைப் படித்தபோது ஓர் இடத்தில் கண் நின்றுவிட்டது. மக்கள் பங்கேற்பு பெயரளவில் மட்டும் இருந்ததாக மதிப்பீட்டில் வந்தால், அதே குழுவை மறுபடி கூட்டித் திட்டத்தைத் திருத்த வேண்டும். மறுபடி கூட்டம். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

கூட்டக் குறிப்புகளை அலுவலகத்தில் கொடுத்தார்கள். என் பாதி வேலையை அவையே செய்து வைத்திருந்தன. ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகாரி விளக்கினார், உறுப்பினர்கள் ஒப்புதல் தெரிவித்தனர். கேள்வி இல்லை, மறுப்பு இல்லை. விதிப்படி இது பெயரளவுப் பங்கேற்புதான். சந்தேகமே வேண்டாம். ஒரு கிளிக்கில் முடித்து அனுப்பினால் குழு கூடும், அவள் ஊருக்கு வருவாள்.

சிக்கல் என்னவென்றால், டீக்கடையில் நடந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஓர் அதிகாரியை அவருடைய மேலதிகாரி முன்னால் வைத்து யாரும் மடக்க மாட்டார்கள். பயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. நாளைக்கு வாய்க்கால் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டியவர் ஜே.இ. என்கிற இளநிலைப் பொறியாளர். அவரைப் பெரியவர் முன்னால் மாட்டிவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? அதனால் மேலே எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்". கூட்டம் முடிந்து பெரியவரின் ஜீப் கிளம்பும். ஜே.இ. டீ குடிக்க இறங்கி வருவார். விவசாயிகளும் வருவார்கள். கூட்டம் அங்கேதான் தொடங்கும்.

"என்னங்க, மேல யாரும் வாயே தொறக்கல. நான் என்னத்த எழுதுறது?" என்று ஒரு நாள் ஜே.இ. சலித்துக்கொண்டார்.

"உங்க பெரிய சார் உக்காந்திருந்தாரு. அவருக்கு முன்னாடி உங்கள வெளுக்கச் சொல்றீங்களா?" என்றார் அவள் சித்தப்பா. "வெப்சைட்ல மாசத்துக்கு ஒரு தடவ போடுவாங்களாம். மாசத்துல நாத்து காஞ்சு சருகாப் போயிடும் சார்."

"அப்ப என்ன பண்ணலாங்கிறீங்க?"

"எல்லையில வாய்க்கால் காவல் பாக்குற நம்ம லஸ்கர் தெனம் காலைல போய் ஷட்டரப் பாக்குறாருல்ல? அந்த அளவுகோல ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும்."

அவள் கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண். "ஷட்டர இறக்குறதா இருந்தா மொத நாளே சொல்லணும் சார். ஏன் இறக்குறாங்கன்னும் சொல்லணும்."

"ஏன்னு எனக்கே சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்ப, எனக்கும் சொல்லலன்னு போடுங்க."

ஜே.இ. டீயைத் துப்பிவிடுவதுபோலச் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் அரசின் வரைவாக அதுவே மேலே வந்தது. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே அறிவிக்க வேண்டும் என்ற வரி உட்பட. எல்லாரும் "சரிங்க சார்" என்றார்கள். குறிப்பில் ஒப்புதல் தெரிவித்தனர் என்று பதிவானது. இன்றைக்கும் காலையில் போட்டோ வருகிறது.

இப்போது நான் என்ன மார்க் போடுவது? அறையைப் பார்த்துப் போட்டால் அவள் வருவாள். டீக்கடையைப் பார்த்துப் போட்டால் வரமாட்டாள். எனக்குத் தெரிந்து அரசும் மக்களும் இதைவிட நன்றாக எங்கேயும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. உட்காரவும் இல்லை, நின்றுகொண்டுதான் பேசினார்கள்.

முடிவைத் தள்ளிப்போட, நேர்காணல் என்று சொல்லிக்கொண்டு போலகம் போனேன். அவள் இல்லாத பின்சீட்டோடு திருமலைராஜன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பைக் தேவையில்லாமல் லேசாக ஓடியது. சித்தப்பா வரப்பில் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. கேள்வி எதுவா இருந்தாலும் கேளுங்க. அவ எப்படியிருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. என்னவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"தெரியாது மாமா. நம்புங்க."

"நம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நம்பாத முகத்தோடு பேசினார். திட்டம் அருமை என்றார். நாங்க சொன்னத அப்படியே கேட்டாங்க என்றார். இவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னால் நான் பொய் எழுதவும் முடியாதே.

கொஞ்சம் தள்ளிப் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கூலிக்கு வருகிறவர்கள். அவர்களிடமும் கேட்டால் என் பட்டியலில் பெண்கள் என்ற இடம் நிரம்பும் என்றுதான் போனேன். உயரமான ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, காலைல போட்டோ வருதுல்ல, அது உங்களுக்கு உபயோகமா இருக்கா?"

"என்ன போட்டோ?"

"தண்ணி வர்ற போட்டோ. குரூப்ல."

"போன் எங்க வீட்டு மனுசன் சட்டப்பையில கெடக்கு. தண்ணி வந்துச்சுன்னா வயலு நெறையும், அப்ப எங்களுக்குத் தெரியும்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நாத்துப் பறிக்க நாளைக்கு வான்னு முந்துன ராத்திரி ஆள் விடுவாங்க தம்பி. அதுக்குள்ள நாங்க பட்டினத்துல சித்தாள் வேலைக்கு ஒத்துக்கிட்டிருப்போம். அங்க போகலன்னா அவன் திட்டுவான், இங்க வரலன்னா இவரு திட்டுவாரு. தண்ணி என்னைக்குன்னு எங்களுக்கும் முன்னாடியே தெரிஞ்சா இந்தப் பாடு இல்ல."

"இத நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. அந்தப் பொண்ணுகிட்டயாவது."

"எங்க சொல்றது? மேல கூப்பிடல. டீக்கடையில நாங்க போய் நின்னா ஊரு என்ன பேசும்? அவ படிச்ச பொண்ணு, நிப்பா."

இத்தனை நாள் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன். அவள் ஒருத்தி நின்றது எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்ததோ, மற்றவர்கள் நிற்காதது அந்த அளவுக்குக் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். அறையில் எதுவும் நடக்கவில்லை, டீக்கடையில் நடந்தது, அதையும் பங்கேற்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவர்களும் அரசும் நல்லபடியாகச் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். நிலத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு அந்த இரண்டு இடத்திலும் இடம் இல்லை; அவர்களைப் பொறுத்தவரை பங்கேற்பு வெறும் பெயரளவுதான். ஆகவே கூட்டம் மறுபடி போட வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது கை சும்மா பறந்தது. யாரும் குறைசொல்ல முடியாத, நூற்றுக்கு நூறு உண்மையான காரணம். அனுப்பிவிட்டு உடனே அவளுக்கு போன் அடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தோணவே இல்லடா" என்றாள். "எங்க வயல்லதான் அவங்க வேலை செய்யுறாங்க. நான் ஒருத்தி இருந்தா பொம்பளைங்க இருந்த மாதிரின்னு நெனச்சுட்டேன்."

"அதான் மறுபடி போடுறாங்க. நீ வர்ற."

"நான் எதுக்கு?"

"நீ குழுவுல இருக்க."

"என் எடத்த அந்த அக்காவுக்குக் குடுத்துடு. நான் மெயில் போட்டுடுறேன். மக்கள் தரப்புல எடம் கம்மி, உனக்குத் தெரியும்ல."

"கூடுதலா ஒரு நாற்காலி போடச் சொல்றேன்."

"டேய்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. போலகத்தில் அவள் வீடும் காரைக்காலில் எங்கள் வீடும் எவ்வளவு தூரம் என்பதும் அதில் இருந்தது. "நான் வந்தா அவங்க பேச மாட்டாங்கடா. என்னப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நீ நல்லா எழுதியிருக்க. வச்சிடுறேன், மீட்டிங் இருக்கு."

மதிப்பீட்டை டெல்லியில் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். இந்த முறை கவனிக்கிறவன் என்ற பெயரில் எனக்கும் மேலே இடம். உயரமான அக்கா இன்னும் சில பெண்களோடு வந்து, அவள் வழக்கமாக உட்காருவதாகச் சித்தப்பா காட்டிய ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஜே.இ. காதில் விழும்படி, "மேல இவ்வளவு காத்து வருது, கீழ நின்னுக்கிட்டா பேசுனீங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டார். அவர் நெளிந்தார்.

ஹைதராபாத்திலிருந்து வருகிற பஸ் காலையில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். அது வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினேன். தண்ணீர் கொண்டுவந்த பையன், அப்புறம் ஓர் ஓட்டுநர்.

ஜே.இ. என்னைப் பார்த்தார். "வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா தம்பி? ஆரம்பிச்சிடலாமா?"

"வந்தாச்சு சார்" என்றேன்.