மேடையில் படுத்த க்ளோத்தில்

மேற்கு ஆப்பிரிக்க நகரமான வாகதூகுவில் யார் நாடகம் போட்டாலும், நடனம் போட்டாலும், இசைக்குக் க்ளோத்தில் தொயேயைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, அவள் பிடிவாதம் தாங்காமல் தலையில் அடித்துக்கொள்வார்கள். பொம்பளைக்கு மத்தளம் எதற்கு என்று இளவயதில் துரத்தினார்கள் அல்லவா? சரிதான் போங்கடா என்று அவள் உலக்கையை எடுத்தாள். கம்பு இடிக்கிற சத்தம், ஆடுகிறவர்களின் காலடி, மூச்சு, இவற்றைக் கோத்தே பெயர் வாங்கினாள். யாருக்கும் குனியவில்லை.

இந்தப் புது நடனம் மழை பொய்த்த ஒரு வருஷத்தைப் பற்றியது. உரல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து, கடைசியில் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சும். அந்த முடிவுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அரங்கேற்றத்தன்று மத்தியானம் போனால், மேடையோரம் மத்தளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! இயக்குநர் தாப்சோபா அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க, க்ளோத்தில். மத்தளம் இல்லாட்டி இது என்ன ஆப்பிரிக்கான்னு கேப்பாங்க. அந்த மூச்சு வர்ற இடத்துல அடிச்சு நொறுக்கச் சொல்லியிருக்கேன்."

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நடு மேடைக்குப் போய் நீட்டிப் படுத்துவிட்டாள்.

அவள் சாமோ, அவர் மோஸி. இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்று ஏசலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் கேவலம். மோஸி வீட்டில் சாவு விழுந்தால் சாமோக்கள் வந்து குழிக்குள் படுத்துக்கொள்வார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்கள். போன வருஷம் தாப்சோபாவின் அப்பாவுக்கு வெட்டிய குழியில் படுத்தவளும் இவளேதான். அழுதுகொண்டிருந்த மனிதர் அன்று சிரித்துவிட்டார்.

"என் பாட்டைக் கொன்னுட்டே. சரி, புதை! குழியில நான்தான் படுத்திருக்கேன், அடிமைப் பயலே!"

"இது வேலை, விளையாட்டில்ல! எழுந்திருடி, நாய்த்தலை திங்கிறவளே!"

சாமோக்களை மோஸிகள் வழக்கமாக ஏசுகிற ஏச்சு அது. சொன்ன பிறகுதான் தாப்சோபா நாக்கைக் கடித்துக்கொண்டார். பதிலுக்கு ஏசிவிட்டால் உறவை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் வேலையாவது மண்ணாவது!

"கேட்டீங்களாப்பா? முறையா ஏசிட்டான். இனி நான் கேட்டதைக் கொடுக்கணும். என் மூச்சைக் கொடுத்துடச் சொல்லுங்க!"

மத்தளக்காரர்களில் மூத்தவரும் மோஸிதான். சிரிப்பை அடக்க முடியாமல் மத்தளத்தைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. சாமோ படுத்த இடத்துல எங்களுக்கு என்ன வேலை?"

அன்று சாயங்காலம் கடைசி உரலும் ஓய்ந்தது. ஆடியவர்களின் மூச்சு மட்டும் கூடமெங்கும் ஏறி இறங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கைதட்டல் அடங்கியதும் ஒரு வெளிநாட்டுக்காரர், மத்தளம் ஏன் இல்லை என்று தாப்சோபாவிடம் கேட்டார்.

தாப்சோபா பக்கத்தில் நின்றவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எங்க எஜமானி விடலைங்க."

"சத்தமாச் சொல்லுடா," என்றாள் க்ளோத்தில். "பின்வரிசைக்குக் கேக்கல."