காலையில் ஏறும் இரண்டு டிகிரி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு வாய்த்த கணவரோ எலக்ட்ரீஷியன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியின் பேனல் ரூம் அவர் பொறுப்பு. மொத்த ஆலைக்குமான மின்சாரம் அந்த ரூம் வழியாகத்தான் போகிறது. பெண் பார்க்க வந்த அன்றே யாராவது இதை விளக்கிச் சொல்லியிருந்தால் காபி டம்ளரை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "கரண்ட்டுக்கு நாம மரியாத குடுத்தா, அது நமக்கு மரியாத குடுக்கும்மா" என்பார்.

போன வருஷம் கோடையில் அது மரியாதை கொடுக்கவில்லை. பேனலுக்குள் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்து, யாருக்கும் தெரியாமல் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் பேனல் கதவைத் திறந்த நேரம் பார்த்து வெடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. புண் ஆறியதும் மறுபடி அதே ரூமுக்கு வேலைக்குப் போனார். வேறு வேலை பாருங்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். "எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான்" என்றார்.

நான் புதுவாயலில் ஒரு லாரி சர்வீஸ் ஆபீசில் பில் போடுகிறேன். வாசலில் கல்கத்தா ஹைவே. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாள் கிடையாது. ஒவ்வொரு முறையும் அது கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வருகிறதா, அங்கே போகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

அந்த நாட்களில் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டைக் காட்டினாள். இதில் ஒரு சென்சாரை இணைத்தால் ஒரு ரூமின் சூட்டை எங்கிருந்தும் போனில் பார்க்கலாம், அளவு மீறினால் போன் அலறும் என்றாள். அந்தச் சூடு அன்றைக்கே தெரிந்திருந்தால் அவர் கதவைத் தொட்டிருக்க மாட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றே ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் பிரித்தேன். காலில் ரப்பர் செருப்பு, கீழே மரப்பலகை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

"அது அஞ்சு வோல்ட்டும்மா. கையில புடிச்சாக்கூட ஒண்ணும் ஆவாது."

"நீங்க சும்மா இருங்க. நீங்க சொன்னதெல்லாம் பாத்தாச்சு."

பழைய லேப்டாப்பில் கேபிளைச் சொருகினேன். போர்டில் விளக்கு எரிந்தது, ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். எரித்துத் தொலைத்துவிட்டேன் என்று முடிவுகட்டிக் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். அது வெறும் சார்ஜர் கேபிளாம். கரண்ட் போகும், தகவல் போகாது. தன் பழைய போனின் கேபிளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சொருகியதும் லேப்டாப் கண்டுகொண்டது.

அடுத்த பயம் கிளவுடு, போர்டு சொல்வதை வாங்கி என் போனுக்கு அனுப்புகிற இணையதளம். அதில் கணக்குத் தொடங்கியதும் நீளமாக ஒரு ரகசிய எழுத்து வரிசையைக் கொடுத்து, யாரிடமும் காட்டாதே என்றது. அடுத்த வரியிலேயே, இதை போர்டில் ஏற்றுகிற ப்ரோகிராமில் ஒட்டு என்றது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பாங்க் தினமும் மெசேஜ் அனுப்புகிற காலத்தில் இதை எப்படி நம்புவது? முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு ஒட்டினேன். "எங்கிட்ட இருந்துமா மறைக்கற?" என்று அவர் சிரித்தார்.

வைஃபையைத் தேடும்போது அந்த போர்டு திரையில் புள்ளி புள்ளியாகப் போடும். கோலத்துக்கு வைக்கிற மாதிரி புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன, கோலம்தான் வரவில்லை. எங்கள் வீட்டு வைஃபையில் இரண்டு வகை உண்டென்றும், போர்டுக்கு அதில் வேகம் குறைந்ததுதான் புரியுமென்றும் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை மாற்றியதும் புள்ளிகள் நின்றன. போனில் முப்பத்துமூன்று என்று வந்தது. எங்கள் கூடத்தின் சூடு, எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கோ போய் என் கைக்குத் திரும்பி வந்திருந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அவர் சூப்பர்வைசரிடம் சொல்லி அனுமதி வாங்கினார். ஆபீஸ் வைஃபையில் சேர்த்து, போர்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து பேனல் ரூம் சுவரில் மாட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு நீல நிறத்தில் இருக்கிற சென்சார் மட்டும் வயரில் வெளியே தொங்கும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் என் போன் அலற வேண்டும் என்று வைத்தேன்.

பயம் குறையும் என்று நினைத்தேன். இரண்டு மடங்கானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு முப்பத்தேழே பேய். பில்லுக்குப் பில் போனைப் பார்ப்பேன். அதிலும் தினமும் காலையில் அவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் எண் இரண்டு டிகிரி ஏறி, பிறகு மெல்ல இறங்கும். ஞாயிறன்று ஏறாது. அது ஏறும்போதெல்லாம் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு, இறங்கும் வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரிடம் கேட்டேன். "மோட்டாருங்க ஸ்டார்ட் ஆவுதுல்ல, அதா இருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு லீவு என்பதால் முந்தின நாளே எல்லாக் கம்பெனிகளிலும் பூஜை போட்டுவிடுவார்கள். எங்கள் ஆபீசில் பூஜை முடிந்து பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். என் போன் அலறியது.

நாற்பத்தாறு. நான் பார்க்கப் பார்க்க ஐம்பது ஆனது, ஐம்பத்தேழு ஆனது. அப்புறம் எண்ணே இல்லை. ஆஃப்லைன் என்று வந்தது.

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போர்டு எரிந்ததால்தான் நின்றுபோனது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எரியாமல் வேறு எதற்கு நிற்கும்? ஸ்கூட்டியை எடுத்தேன். ஹைவேயில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சிப்காட்டில் எப்போதும் புகைதான். எது அவருடைய ஆலையின் புகை என்று எனக்குத் தெரியவில்லை. சாமியிடம் என்னென்னவோ பேரம் பேசிக்கொண்டு போனேன்.

கேட்டின் முன்னால் தரையெல்லாம் சிவப்பு. ஸ்கூட்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் அது குங்குமம் கொட்டி உடைத்த பூசணிக்காய் என்று புரிந்தது. "இன்னாம்மா, பொரி வாங்கிக்கினு போவ வந்தியா?" என்றார் செக்யூரிட்டி. உள்ளே ஓடினேன். ஆலை முழுக்க மெஷின்கள் நின்று அமைதியாக இருந்தது. பேனல் ரூம் வாசலில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு, கையில் தட்டோடு என் கணவர் நின்றிருந்தார்.

"நீ இன்னா இங்க?"

அத்தனை பேர் எதிரிலும் அவர் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன். பிறகு அழுதேன். போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பெட்டியில் சந்தனப் பொட்டு, நீலச் சென்சாரில் குங்குமம், அதற்குக் கீழே கற்பூரம் பட்ட கரி.

"எல்லா மிஷினுக்கும் சூடம் காட்டுனோம். உன்னுதுக்குக் காட்டாம உட்டா நல்லா இருக்குமா? கொஞ்சம் சேர்த்தே காட்டுனேன். அப்பறம் பூஜ முடிஞ்சி மெயின ஆஃப் பண்ணிட்டோம். போனு லாக்கர்ல கீது."

கூட நின்றவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தப் பேஜாரே வேணாம். இனிமே இத பாத்துப் பாத்துச் சாவ என்னால முடியாது" என்று பெட்டியைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெந்து தோல் சுருங்கிய கை.

"அத எடுக்காத" என்றார். குரல் இறங்கியிருந்தது. "காலைல ரெண்டு டிகிரி ஏறுதுன்னு கேட்டியே, அது மோட்டாரு இல்ல. நான்தான்."

"நீங்களா?" என்றேன்.

"பேனல தொறக்கணும்னா எனக்குக் கை நடுங்குது. வேலைக்குத் திரும்பி வந்ததுலேர்ந்தே அப்படித்தான். கிளவுஸ் போடறதுக்கு முன்னாடி இந்த சென்சார வெரலுக்குள்ள புடிச்சிகினு கொஞ்ச நேரம் நிப்பேன். நீ அங்க பாத்துகினு இருப்பன்னு நெனச்சிக்குவேன். அப்பறம்தான் தொறப்பேன்."

எங்கள் வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து எனக்கு வைத்துவிட்டார். பெட்டி சுவரிலேயே இருந்தது.

லீவு முடிந்து நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். ஆபீசுக்கு வந்ததும் பில் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுத்து வைத்துக்கொள்கிறேன். முப்பது முப்பத்தொன்றாகும், முப்பத்திரண்டாகும். அவ்வளவு நேரமும் அவர் விரலுக்குள் அது பத்திரமாக இருக்கிறது, அவரும் பத்திரமாக இருக்கிறார். பிறகு எண் இறங்கத் தொடங்கும். கையை எடுத்துவிட்டார், கதவைத் திறக்கப்போகிறார் என்று அர்த்தம். என் பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.