கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கனவுச் சோதனை

இன்று மரக்காணம் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கனவுக்குள் இருக்கும்போதே அது கனவு என்று கண்டுபிடிக்க, நம் கனவு டைரி குரூப்பில் எல்லோரும் பழகும் சோதனை அது! மூக்கை அடைத்தும் மூச்சு வந்தால் கனவு. வராவிட்டால் நிஜம்.

நானும் மூக்கைப் பிடித்துக் காட்டினேன். அவர் கண்கள் விரிந்தன.

"காலைல குரூப்ல, மரக்காணம் உப்பளத்து மேல பறந்தேன்னு போட்டது நீங்களா?" என்றேன்.

"ஆமாங்க! கனவுன்னு தெரிஞ்சதும் ஒரே தாவு! நீங்க, நம்மூரு கடல் மேல நடந்தவங்களா?"

"நானேதாங்க!"

நம்பவே முடியாமல் இரண்டு பேரும் மறுபடி மூக்கைப் பிடித்தோம்.

காலடியில் கூடை வைத்திருந்த கருவாட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஆளாளுக்கு மூக்கப் புடிக்கிறீங்க? என் கருவாடு அவ்ளோ நாறுதா?"

"ஐயோ, இல்லம்மா! இது கனவான்னு பாக்குறோம்."

பஸ்ஸே சிரித்தது. கருவாட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சமாதானத்துக்கு ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினோம்.

இப்போது வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. என் கனவில் ஒருநாளும் வாசனை வந்ததில்லை. பஸ்ஸில் மூக்கைப் பிடிக்காமல் இருந்திருந்தாலே நிஜம் என்று தெரிந்திருக்கும்!

உங்களில் யார் கனவிலாவது கருவாடு மணந்திருக்கிறதா?